வாளித் தண்ணீரில் கரைந்த கல்

மண் பரிசோதனை வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "மேடம், ஃபீல்டுல ரொம்ப டென்ஷனா இருக்குமா?" என்பதுதான். இருக்கும். எனக்கு நிறையவே இருந்தது. ஆனால் அதில் பாதி என் சுபாவம். நான் சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் உட்காராதவள். சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் காலை ஆட்டிக்கொண்டே இருப்பேன், அம்மா தொடையில் கிள்ளுவார். அப்பா, அம்மா இரண்டு பேரும் டீச்சர்கள். நாள் முழுக்க ஒரு வகுப்பறைக்குள் அடைந்து கிடக்க என்னால் ஆகாது என்றுதான் ஜியாலஜி படித்தேன்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்னக் கம்பெனி. கட்டடம் கட்டப்போகிற நிலத்தில் துளை போட்டு, கீழே என்ன இருக்கிறது, அது எவ்வளவு எடை தாங்கும் என்று ரிப்போர்ட் கொடுப்பது தொழில். அங்கேதான் என் சர்வீஸ் முழுக்க ஓடியது. அதில் என்னை அதிகம் அலைக்கழித்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். அது எனக்குக் கொடுத்த வேலையே இல்லை என்பதுதான் வேடிக்கை.

1. ஏசி தண்ணீர்

ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. வானம் மூடிக்கொண்டு இருந்தது. பொழிச்சலூரில் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சைட்டின் கோர் பாக்ஸைத் தேடி ஆபீஸ் பின்பக்கத்துக்குப் போனேன். துளை போடும்போது கீழே கல் தட்டுப்பட்டால், ரிக் என்கிற துளை எந்திரம் அதை உருளை உருளையாக அறுத்து மேலே கொண்டுவரும். அந்தத் துண்டுகளுக்கு கோர் என்று பெயர். ஆழத்தின் வரிசைப்படி மரப்பெட்டியில் அடுக்கி, போட்டோ எடுத்து, ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குள் வைத்துவிடுவோம். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

ஷெட்டின் கடைசியில், எங்கள் எம்.டி. ரூம் ஏசியின் தண்ணீர் சொட்டுகிற இடத்தில், ஒரு பெட்டி திறந்து கிடந்தது. மூடியில் "படப்பை, ஹாஸ்டல்" என்று எழுதியிருந்தது. சொட்டு விழுந்த அறையில் கல்லைக் காணோம். கரும்பச்சை நிறத்தில் கூழ் தேங்கியிருந்தது. பக்கத்து அறைகளில் இருந்த துண்டுகள் சீவல் சீவலாகப் பிரிந்து கிடந்தன. ஓரத்து லேபிளில் நம் ஆள் அழகாக எழுதியிருந்தார்: "வெதர்டு ராக்". கொஞ்சம் சிதைந்த பாறை என்று அர்த்தம்.

கூழை விரலில் எடுத்து நாக்கில் வைத்து, முன்பல்லால் கடித்துப் பார்த்தேன். எங்கள் படிப்பில் இது ஒரு பழக்கம். வண்டலாக இருந்தால் பல்லில் நறநறக்கும், சுத்தக் களியாக இருந்தால் வழுக்கும். இது வெண்ணெயாக வழுக்கியது.

ரிக் ஆபரேட்டர் ஏழுமலை அங்கேயே துளை போடும் ராடுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தத் துளையைப் போட்டவர் அவர்தான்.

"ஏழுமலை, படப்பை கல்லு எப்படி இருந்துச்சு?"

"சூப்பர் கல்லு மேடம். அறுக்கற பிட்டு அப்டியே வழுக்கிகினு எறங்குச்சு. ஒரு பேஜாரும் இல்ல. மத்தியானத்துக்குள்ள முட்ச்சிட்டோம்."

"அவ்வளவு சுலபமா எறங்குனா அது என்ன கல்லு?"

"இன்னா மேடம் இப்டி கேக்கறீங்கோ! சம்மட்டியால போட்டு அட்சா எறங்கல. எறங்கலன்னா கல்லுதானே?"

அவரைக் குறை சொல்ல முடியாது. தாம்பரத்தில் அது கல்தான்.

மேலே ஓடினேன். எங்கள் எம்.டி. ஜெபராஜ் சார் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். கோபம் வந்தாலும் குரல் உயராது. அதனாலேயே அவரிடம் சண்டை போடுவது கஷ்டம்.

"சார், படப்பை கோர் தண்ணில கரையுது."

"படப்பை ரிப்போர்ட் போயே எத்தனை நாள் ஆச்சு? நான் சைன் பண்ணிட்டேன்மா."

"அது ராக் இல்ல சார். களிமண் இறுகிக் கல்லா ஆனது. க்ளேஸ்டோன். நாம ராக்னு எழுதி, அதுக்குத் தகுந்த லோடு குடுத்திருக்கோம்."

"சம்மட்டிக்கு அசையல, கோர் வந்துச்சு. முப்பது வருஷமா இதைத்தானே பார்க்கிறோம், ஸ்டெல்லா?"

"முப்பது வருஷமா நாம மலையடிவாரத்துல பார்க்கிறோம் சார்!"

அவர் பேனாவை மூடினார். "குழி வெட்டியாச்சு. திங்கட்கிழமை காங்கிரீட். கொடுத்த ரிப்போர்ட்டை நாமே திரும்ப வாங்கினா, நாளைக்கு இந்த ஏரியால எவன் நம்மகிட்ட வருவான்? அந்தக் கல்லு மேல ஏசி தண்ணி பட்டுச்சு. பூமிக்குள்ள யாரு ஏசி மாட்டி வச்சிருக்கா?"

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். எழுந்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி உட்கார்ந்தேன். பக்கத்து டேபிள் பெண், "மேடம், ஒண்ணு நில்லுங்க, இல்ல உட்காருங்க" என்றாள். நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

2. தாம்பரத்துக் கல்லும் படப்பைக் கல்லும்

போகிற வழியில் கொஞ்சம் நிலவியல் சொல்லிவிடுகிறேன். இது புரியாவிட்டால் நான் ஏன் அப்படிப் பறந்தேன் என்பதும் புரியாது.

பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் பக்கமெல்லாம் கீழே இருப்பது சார்னகைட் பாறை. பூமியின் ஆழத்துச் சூட்டில் வெந்து உருவானது. குவாரியில் கருநீலமாக மின்னுமே, அதுதான். அதை ஆயுசுக்கும் தண்ணீரில் போட்டு வைத்தாலும் ஒன்றும் ஆகாது. எங்கள் கம்பெனியின் கண்ணும் காதும் அந்தக் கல்லில் பழகியவை.

முடிச்சூர் தாண்டி வாலாஜாபாத் ரோட்டில் போகப் போக, மேலே ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே கடைகள், அதே கண்டெய்னர் லாரிகள். கீழே மட்டும் ஊரே மாறிவிடுகிறது. டைனோசர்கள் இருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து நிலம் பாறைப் பிளவுகளை ஒட்டி மெதுவாக அமிழத் தொடங்கியது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கியது. ஏரி, சதுப்பு, சில காலம் கடலும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது என்கிறார்கள். சுற்றியிருந்த மேட்டிலிருந்து ஓடைகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டின.

நம் ஊர் ஏரி என்றால் என்ன ஆகும்? தூர்ந்து மேடாகும், பிறகு பட்டா போட்டு விற்றுவிடுவார்கள். அந்தப் பழைய ஏரி அப்படித் தூர்ந்து முடியவில்லை. வண்டல் சேரச் சேர அடித்தரையும் இறங்கிக்கொண்டே போனது. சேர்ந்த வண்டலின் எடையே அதை இன்னும் கொஞ்சம் அமுக்கியது. இறங்கிய இடத்தில் மறுபடி தண்ணீர், மறுபடி வண்டல். அதனால்தான் ஆழமில்லாத ஏரியில் படிந்த களி, பனைமரத்தின் மேல் பனைமரமாக அடுக்கினாலும் எட்டாத கனத்துக்கு அங்கே கிடக்கிறது. மேலிருந்த பாரம் அதை நசுக்கி, தண்ணீரைப் பிழிந்து, கல் மாதிரி ஆக்கிவிட்டது. ஆனால் அது வேகவில்லை. மேலே உள்ள மண்ணை எடுத்துவிட்டு, காற்றும் தண்ணீரும் படவிட்டால், அது பழையபடி ஏரிச் சேறாகிவிடும்.

அதன் மேல்தான் நாலு மாடி ஹாஸ்டல் வரப்போகிறது.

3. குழிக்குத் தண்ணீர் காட்டுவது

ஹாஸ்டல் ஓனர் பெயர் தேசிங்கு. படப்பையை ஒட்டிய கிராமத்துக்காரர், பரம்பரை விவசாயி. ரோட்டோர நிலத்தை விற்று, மிச்சமிருந்த நிலத்தில், ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்காக ஹாஸ்டல் கட்ட இறங்கியிருந்தார். தரைத்தளத்தில் அவரும் மனைவியும் குடியிருப்பதாகத் திட்டம். அது போனால் அவருக்கு வேறு நிலமும் இல்லை, வேறு தொழிலும் இல்லை.

நான் போய் இறங்கியபோது சுற்றுச்சுவர் ஏற்கெனவே எழும்பி வெள்ளையடித்து நின்றது. உள்ளே வரிசையாகக் குழிகள். தேசிங்கு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, போர்வெல்லில் இருந்து ஹோஸ் பைப்பை இழுத்து, ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி.

"அண்ணா! நிறுத்துங்க! தண்ணிய நிறுத்துங்க!"

"யாரு மேடம் நீங்கோ?"

"மண்ணு டெஸ்ட் பண்ண கம்பெனில இருந்து வர்றேன். ஏன் தண்ணி விடறீங்க?"

"இன்னா மேடம் இப்டி கேக்கறீங்கோ! குழிக்கி தண்ணி காட்னாதான மண்ணு அடங்கும்? நேத்துலருந்து வுட்டுகினு கீறேன். மேஸ்திரி ஒரு தபா வுட்டா போதும்ன்னாரு. நான்தான் நம்ப வூடாச்சேன்னு ரெண்டு தபா வுடறேன்."

இது புறநகர் முழுக்க உள்ள பழக்கம்தான். மணலிலும் கொட்டி நிரப்பிய மண்ணிலும் அதனால் பலன் உண்டு. சுற்றுச்சுவருக்கும் அப்படியே செய்ததாகப் பெருமையாகச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த மனிதர் ஆசை ஆசையாகத் தன் கட்டடத்தைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

வெட்டிப் போட்ட குவியலிலிருந்து காய்ந்த கட்டி ஒன்றைப் பொறுக்கினேன். கல்லேதான். ஒன்றோடு ஒன்று தட்டினால் டங்கென்று சத்தம். ஒரு வாளித் தண்ணீர் கேட்டு, அதற்குள் போட்டேன்.

"பாருங்க அண்ணா."

"இன்னாத்த பாக்கறது? கல்ல தண்ணில போட்டா கல்லுதான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குமிழி வந்தது. ஓரத்தில் ஒரு சீவல் கழன்றது, இன்னொன்று கழன்றது. தேசிங்கு குனிந்தார். கட்டி நடுவில் பிளந்து உட்கார்ந்தது. அவர் வாளிக்குள் கைவிட்டு அள்ளியபோது விரலிடுக்கில் சேறு வழிந்தது.

நான் வேறு ஒரு துண்டைக் கடித்து அவருக்குக் காட்டினேன்.

"இன்னா மேடம், மண்ண துன்றீங்கோ?"

"இது பழைய ஏரிக்களி அண்ணா. அழுத்தத்துல இறுகிப்போனது. சூளைல வேகாத பச்சைச் செங்கல் இருக்குல்ல, அந்த மாதிரி."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவர் நிலத்தின் மேல்பக்கத்தை ஒரு காலத்தில் செங்கல் சூளைக்கு விட்டிருந்தாராம். மழையில் பச்சைக்கல் அடுக்கு கரைந்து உட்கார்வதை எத்தனையோ முறை பார்த்தவர். ஹோஸ் பைப் அவர் கையிலிருந்து நழுவியது.

"இங்க ஏரியா? எந்தாத்தா காலத்துல கூட இங்க ஏரி இல்லியே."

"தாத்தா இல்ல, மனுஷனே இல்லாத காலம். தரை இறங்க இறங்க ஏரி ரொம்பிகிட்டே வந்திருக்கு."

அவர் காலடியைப் பார்த்தார். "அப்டின்னா இப்பவும் எறங்கிகினு கீதா?"

"இல்லண்ணா. அது எப்பவோ நின்னுபோச்சு. நமக்குப் பயம் தண்ணிதான்."

"நெலம் நல்ல நெலமா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்கோ."

"நல்ல நிலம்தான். அதைத் திறந்து போட்டுட்டு நனைய விடக் கூடாது. அவ்வளவுதான்."

"உங்க ஆபீஸ்ல கல்லுன்னு எழுதி குட்த்தீங்களே மேடம்!"

போனை எடுத்து ஜெபராஜ் சாருக்கு அடித்தேன். அவர் என்னவோ சொல்ல ஆரம்பிக்கும்போதே, "சார், குழில தண்ணி நிக்குது. ஒரு தடவை வந்து பாருங்க. நீங்க பார்த்துட்டு ராக்குன்னு சொல்லிட்டா, நான் திங்கட்கிழமையே வேலையை விட்டுப் போயிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

4. சாரின் ஷூ

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சார் ஆராதனை முடிந்து, ஏழுமலையையும் கூட்டிக்கொண்டு நேராக வந்தார். வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. தேசிங்கு வணக்கம் சொல்லவில்லை. மேஸ்திரி ஒரு பக்கம் முறைத்துக்கொண்டு நின்றார்.

தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்திருந்தோம். குழியின் அடி மழமழவென்று மட்டமாக இருந்தது, பார்த்தால் சிமெண்ட் பூசிய தரை என்றே தோன்றும். சார் ஏணியில் இறங்கி, அடியில் கால் வைத்தார். ஷூ போயிற்று. கணுக்கால் போயிற்று. முழங்காலுக்குக் கிட்டே வந்தபோது ஏழுமலை கை கொடுத்து இழுத்தார். ஒரு ஷூ உள்ளேயே நின்றுவிட்டது.

மேலே வந்து, ஒற்றைக் காலில் சாக்ஸோடு, சேற்றோடு நின்றார். யாரும் சிரிக்கவில்லை.

"மிஸ்டர் தேசிங்கு, நான் கொடுத்த ரிப்போர்ட் தப்பு. திரும்ப வாங்கிக்கிறேன். புதுசா துளை போட்டு, புதுசா எழுதித் தர்றேன். நாளைக்குக் காங்கிரீட் போடாதீங்க."

இத்தனை வருஷத்தில் ஒரு கம்பெனி முதலாளி கஸ்டமர் முன்னால் இப்படிச் சொல்லி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். எனக்கு ஜெயித்த சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பாவமாக இருந்தது.

தேசிங்கு கத்தவில்லை. அதுதான் இன்னும் சங்கடம். "லேட்டாச்சுன்னா கம்பெனிக்காரன் வேற ஆஸ்டல் பாத்துகினு பூடுவான் சார். எட்த்துகினு போங்கோ உங்க பேப்பர" என்று சொல்லிவிட்டு, சுற்றுச்சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

5. வெட்டு, பார், மூடு

தேசிங்கு முகம் கொடுக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. புதுத் துளைகள், புது டெஸ்ட், புது டிசைன். ஃபுட்டிங், அதாவது தூண்களுக்கு அடியில் போடும் காங்கிரீட் பாதம், எல்லாம் அகலமாயிற்று. வேலை முறையும் மாறியது. மொத்தக் குழியையும் ஒரேயடியாக வெட்டிப்போடுகிற வழக்கம் இங்கே உதவாது. ஒரு குழியில் ஊறின சேற்றை வழித்தெறிய வேண்டும். ஊறாத கல் வரும்வரை வெட்ட வேண்டும். நான் இறங்கிச் சுத்தியலால் தட்டிப் பார்த்துச் சரி சொன்னதும், வெட்டின சூட்டோடு அடியில் சிமெண்ட் கலவை கொட்டி மூடிவிட வேண்டும். அதன் பிறகே அடுத்த குழி. மேலே தார்ப்பாய். நடுவில் டீ கிடையாது.

மேஸ்திரிக்கு என்னைக் கண்டாலே எரிச்சல். "குழிய காத்தாட வுட மாட்டேன்றீங்களே மேடம், அதுக்கு இன்னா ஜலதோஷமா புடிக்கும்?"

"ஆமா, புடிக்கும். கலவைய கொட்டுங்க."

வானம் இருண்டுகொண்டே இருந்தது. தார்ப்பாயில் முதல் தூறல் விழும்போதெல்லாம் நான் குழி விளிம்புக்கு ஓடுவேன். ஒரு குழி மூடியதும் பெருமூச்சு விடுவதற்குள் அடுத்த குழியின் பயம் வந்துவிடும். வீட்டில் சாப்பிடும்போதுகூட மழைச் சத்தம் கேட்டால் தட்டை வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன்.

மூலைக் குழியை வெட்டும்போது, ஒரு பாளம் புத்தகம் மாதிரி பிரிந்து, உள்ளே ஓர் இலை தெரிந்தது. சீப்பு மாதிரி இருபுறமும் பிரிந்த ஓலை, கறுப்பாக, நரம்பு வரை தெளிவாக. பழைய ஏரிக்கரையில் நின்ற ஏதோ ஒரு செடியிலிருந்து விழுந்தது. நான் சொல்லாமலே தேசிங்கு சுவரோரத்திலிருந்து எழுந்து வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். அத்தனை நாளும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"இது இன்னா எல?"

"ஏரி இருந்தப்போ விழுந்த இலை."

அவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தொடாமல் பார்த்தார். எனக்கும் பார்க்க ஆசைதான். வெட்டி எடுத்து ஆபீஸுக்குக் கொண்டுபோனாலும் ஒரு வாரத்தில் சீவலாகிவிடும் என்று தெரியும். மேலே தார்ப்பாய் படபடத்தது.

"மூடணும் அண்ணா."

"ஒரு போட்டோ எட்த்துகறேன்." எடுத்தார். பிறகு அவரே மேஸ்திரியிடம் சொன்னார்: "கொட்டுப்பா."

6. சுவர்

கட்டடம் முடியவே அடுத்த ஐப்பசி ஆகிவிட்டது. தேசிங்கு பயந்தபடியே ஆயிற்று. கம்பெனிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கட்டி முடித்தும் கொஞ்ச காலம் ஹாஸ்டல் காலியாகவே கிடந்தது. நான் போன் செய்தால் எடுக்க மாட்டார். ஒருநாள் அவர் மனைவி எடுத்து, "அவருக்கு மனசு செரியில்லம்மா" என்று வைத்துவிட்டார். நான் சொன்னது சரிதானா, அளவுக்கு மீறிப் பயமுறுத்திவிட்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கட்டடம் நின்றால், நான் சொல்லாவிட்டாலும் நின்றிருக்கும் என்பார்கள். எங்கள் தொழிலில் நல்ல வேலைக்குச் சாட்சி கிடைப்பதில்லை.

அதற்கும் அடுத்த ஐப்பசியில் வெளுத்து வாங்கிய ஒரு மழை. விட்டும் விடாத ஒரு காலையில் தேசிங்கிடமிருந்து போன் வந்தது. "கெளம்பி வாங்கோ மேடம். நேர்ல பாருங்கோ." அவ்வளவுதான். கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

முடிச்சூரில் ரோட்டில் ஆறு ஓடியது. ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போனேன். வாய்க்குள் ஜெபம். தூரத்தில் கட்டடம் தெரிந்ததும் அதன் மூலைகளைத்தான் பார்த்தேன். நேராக இருந்தது.

சுற்றுச்சுவர் இல்லை. ஒரு பக்கம் முழுக்கப் பக்கத்து நிலத்தில் மல்லாந்து கிடந்தது. மிச்சமிருந்தது வெடித்துச் சாய்ந்து நின்றது. தேசிங்கு குடையோடு அதன் அருகில் நின்றுகொண்டிருந்தார். ஒரே மண், ஒரே மழை. தண்ணீர் காட்டிக் கட்டிய சுவர் படுத்திருந்தது. மூடி மூடிக் கட்டிய வீட்டில் ஒரு கீறல் இல்லை. நான் சுற்றி வந்து ஒவ்வொரு தூணாகப் பார்த்தேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"நான் காலங்காத்தால ரெண்டு சுத்து சுத்திட்டேன் மேடம். ஒண்ணுமில்ல" என்றார்.

போர்டிகோவில் பெண்கள் யூனிஃபார்மோடு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். எனக்குத் தெரியாமலே ஹாஸ்டல் இதற்குள் நிறைந்துவிட்டிருந்தது. சொட்டச் சொட்ட வந்து நின்ற என்னைப் பார்த்து ஒரு பெண், "யாரு சார் இவங்க?" என்று கேட்டாள்.

"இவங்கதாம்மா இந்த வூட்ட ஒரு வருசம் லேட் பண்ணவங்கோ" என்றார் தேசிங்கு. "உள்ள போயி ஒரு சேர் எட்த்துகினு வா."

அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் மனைவி கொடுத்த டீயைக் குடித்தேன். மழை மறுபடி கொட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான் கவனித்தேன், நான் காலை ஆட்டவில்லை.

எங்கள் ஆபீஸில் கோர் வைக்கும் இடத்தில் அதற்குப் பிறகு ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருந்தது. ஜெபராஜ் சாரே வாங்கி வைத்தார். எந்தக் கல் வந்தாலும் ஒரு துண்டு அதற்குள் போன பிறகே லேபிளில் பெயர் எழுதுவோம். பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் அதுதான். நீங்கள் பழகிய மண் உங்கள் காலடியோடு கூட வருவதில்லை. அடுத்த ஊரில் முதலில் அந்த ஊர்க் கல்லைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், பெயரைப் பிறகு எழுதலாம். தப்பு என்று தெரிந்தால், ஷூ போனாலும் பரவாயில்லை, இறங்கிவிடுங்கள்.

டென்ஷன் போகுமா என்று கேட்டால், போகாது. ரிட்டயர் ஆன பிறகும் பெரிய மழை பெய்தால் என் கை தானாகப் போனைத் தேடுகிறது. தேசிங்கு எடுப்பார். ஹலோகூடச் சொல்ல மாட்டார்.

"நிக்கிது மேடம். போயி வேலைய பாருங்கோ."